மூன்று வெள்ளி ரசம்

கோலாலம்பூரில் குளிர்காலம் கிடையாது. வருடம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24. கேமரன் மலையில் 1978 பிப்ரவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியதாக ஒரு பதிவு உண்டு. அது மலை, அந்தக் கணக்கு நமக்கு ஆகாது. ஆனாலும் தீபாவளியை ஒட்டி மழை பிடித்துக்கொண்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நன்றாகவே குளிரும். மத்தியானம்வரை கொளுத்தும். மூன்று, நான்கு மணிக்கு வானம் கறுத்து ஊற்றத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டு, ஒன்பது டிகிரி இறங்கிவிடும். 33 டிகிரியில் வளர்ந்த உடம்புக்கு 24 குளிர்தான். வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் இது. சென்னையில் பெய்வதைவிட ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் அதிகம். நவம்பரில் பெய்கிற நாள்களைவிடப் பெய்யாத நாள்களை எண்ணுவது சுலபம்.

அந்த நேரத்தில் சூடாகக் குடிக்க இங்கே ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். கிள்ளான் சீனர்களுக்கு பாக் குட் தே. எலும்போடு பன்றி இறைச்சியை மருந்து வேர்களும் பூண்டும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு. 2024 பிப்ரவரியில் அரசாங்கம் அதைத் தேசிய மரபுரிமை உணவுப் பட்டியலில் சேர்த்தபோது நடந்த வாக்குவாதம் ஊருக்கே தெரியும். மாமாக் கடையில் ஆட்டு சூப். பட்டை, அன்னாசிப்பூ, மேலே பொரித்த வெங்காயம், அதில் தொட்டுச் சாப்பிட ரொட்டி. கம்போங் பாரு பள்ளிவாசலில் ரம்ஜான் மாதத்துக் கஞ்சி. நமக்கு ரசம்.

எங்கள் வீட்டு ரசத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும். அம்மா காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால் மரத்தை விடிவதற்கு முன் வெட்ட வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் இறங்குவது குறைந்துவிடும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் பால் சேரும் மங்கில் தண்ணீர் விழுந்து அன்றைய பால் முழுக்க வீண். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றவர்களைத் தண்டல் திருப்பி அனுப்பிவிடுவார். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. நவம்பர், டிசம்பர் என்றால் கடைக்காரர் புத்தகத்தில் கடன் ஏறுகிற மாதங்கள் என்றுதான் அம்மா சொல்வார். வெட்டு இல்லாத நாளில் அடுப்பில் ஏறுவது குருணைக் கஞ்சி, வேலியோரத்து முருங்கைக்கீரை, சுட்ட கருவாடு, மிளகும் புளியும் கரைத்த ரசம். மரவள்ளிக் கிழங்கும் உண்டு. ஆனால் பாட்டி அதைத் தொடமாட்டாராம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குப் பதில் அதையே தின்று தீர்த்தவர் அவர். இன்று நாம் உருகி உருகிப் பேசுகிற மழைக்காலச் சாப்பாடு அன்றைக்குச் சம்பளம் இல்லாத நாளின் சாப்பாடு. இதை நான் பல இடங்களில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அதனால் கல்யாணம் ஆனதும் அம்மா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். 1880களில் கோலாலம்பூரை எரிந்துபோகிற அத்தாப்புக் குடிசைகளிலிருந்து செங்கல் கட்டடங்களுக்கு மாற்றியபோது சூளை போட்ட இடம் அது. பெயர் அப்படி வந்தது. பிறகு ரயில்வே பட்டறை, ரயில்வே குடியிருப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள், அவர்கள் கட்டிய ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில். 2001இல் திறந்த கேஎல் சென்ட்ரல் நிற்பதும் பழைய ரயில்வே நிலத்தில்தான். எங்கள் வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். அடைமழை நாளில் ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவார். நண்டு, மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் போட்டு ஒரு பெரிய பானை. ஒரு சட்டி எங்கள் வீட்டுக்கு வரும். சட்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று அம்மா அதில் ரசத்தை ஊற்றி என்னிடம் கொடுத்து அனுப்புவார். அந்த அம்மா வாசலிலேயே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "உன்ர அம்மாவின்ர கை கை தான்" என்பார்.

அந்தக் கை என்ன செய்தது என்று என்னால் இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். மிளகு சரவாக் மிளகு. மலேசியாவில் விளைவதில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. ஒரு கரண்டி மிளகுக்கு ஒன்றரைக் கரண்டி சீரகம், தோலோடு ஆறேழு பல் பூண்டு. அரைக்கக் கூடாது, கல்லுரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். புளியை வெந்நீரில் ஊறப்போட்டு, பழுத்த தக்காளியை அதிலேயே கையால் பிசைந்து, மஞ்சளும் உப்பும் போட்டு அடுப்பில் வைத்துப் பச்சை வாசனை போனதும் இடித்ததைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மா அடுப்பைவிட்டு நகரமாட்டார். ஓரத்தில் நுரை கட்டும். நுரை நடுவில் வந்து சேரும்போது இறக்கிவிட வேண்டும். "கொதிக்க வுட்டா கஷாயம்" என்பார். மிளகு, சீரகத்தின் வாசனை கொதிக்கக் கொதிக்க ஆவியோடு போய்விடும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கடைசியில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூட வேண்டும். மூடியைத் திறக்கும்போதுதான் கொத்தமல்லி.

பார்த்தீர்களா, எனக்கு எல்லாம் தெரியும். ரசம் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. மாமாக் கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு நான் நுரை கட்டுகிற கட்டத்துக்கு வரும்போது எதிரில் இருப்பவர் எச்சில் விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். உணவுப் பண்பாடு என்று தலைப்புப் போட்டுச் சங்கக் கூட்டங்களில் பேச அழைத்திருக்கிறார்கள். நான் ரசம் வைத்ததே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அம்மா வைத்தார், அம்மாவுக்கு முடியாமல் போனதும் என் மனைவி வைத்தாள். ஆம்பளப் புள்ளைகளை அடுப்படியில் விடமாட்டார்கள் என்று ஒரு சாக்கு உண்டு. அது பதினெட்டு வயதுவரை செல்லும். நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

2021 டிசம்பர் வெள்ளத்திலேயே என் குணம் தெரிந்திருக்க வேண்டும். 17ஆம் தேதி தொடங்கிய மழை மறுநாள் சனிக்கிழமையும் விடவில்லை. ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கூரைமேல் ஏறி நின்றவர்களைப் படகில் இறக்கினார்கள். நாடு முழுக்க ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸை விட்டுக் கிள்ளானுக்கு வந்திருந்தோம். எங்கள் தாமானுக்குத் தண்ணீர் வரவில்லை. தெருப் பெண்கள் சேர்ந்து கோயில் மண்டபத்தில் அண்டா அண்டாவாக ரசமும் சோறும் ஆக்கினார்கள். அம்மா முட்டி வலியோடு முக்காலியில் உட்கார்ந்து மிளகு இடித்துக் கொடுத்தார். நான் அண்டாவை வேனில் ஏற்றி நிவாரண மையத்தில் இறக்கினேன். திங்கட்கிழமை ஆபீசில், "நாங்க ரசஞ்சோறு சமைச்சுக் குடுத்தோம்" என்றேன். அந்த 'நாங்க'வில் என் பங்கு டீசல்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா படுத்தார். நெஞ்சில் சளி, காய்ச்சல், வாய்க்குக் கசப்பு. ஏற்கெனவே ரத்த அழுத்தம், இதயம் கொஞ்சம் பலவீனம். அதனால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி தாதி. அந்த மாதம் அவளுக்கு இரவு வேலை. அவள் கிளம்பும் முன் உப்புக் குறைத்த கஞ்சியும் வேகவைத்த காயும் செய்து மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் வேலை முடிந்து வந்து சூடு பண்ணிக் கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு நாள் அம்மா கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, "வாய்க்கு ஒண்ணுமே வெளங்கல தம்பி. நீ ஒரு ரசம் வையேன். ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். மகன் ஊரெல்லாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வைக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டார். "நாளைக்கு வைக்கிறேம்மா" என்றேன்.

நாளைக்கு என்ன செய்தேன் என்றால், வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, "ரசம் மட்டும் கட்டிக் கொடுங்க" என்றேன். ஒரு பாக்கெட் மூன்று வெள்ளி. பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்கள். முன்பு எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கே அம்மா வைத்த ரசம் சட்டியில் போனதைப் பற்றியும் நான் மேடையில் பேசியிருக்கிறேன். கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தேன்.

வீட்டில் மிளகு இருந்தது, சீரகம் இருந்தது, பூண்டு, புளி, தக்காளி எல்லாம் இருந்தன. சந்துக்குப் போய் வரிசையில் நின்ற நேரத்தில் ரசம் வைத்து முடித்திருக்கலாம். எனக்கே அது தெரியும். பிறகு ஏன் என்று கேட்டால், நன்றாக வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். ரசம் பற்றிப் பேசுகிறவனுக்கு ரசம் வராது என்று அம்மாவுக்கே தெரிந்துவிடுமே என்ற கௌரவம். அதைவிடப் பெரிய காரணம் சோம்பல். இவற்றில் எதையும் அழகுபடுத்திச் சொல்ல வழியில்லை.

பையைச் சட்டியில் ஊற்றிச் சூடு பண்ணினேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசல் தொட்டியிலிருந்து கறிவேப்பிலை கிள்ளி வந்து மேலே போட்டேன். பிறகு அம்மாவின் கல்லுரலை எடுத்து அதில் ஒரு பல் பூண்டைப் போட்டு இடித்தேன். ரசத்தில் சேர்ப்பதற்கு இல்லை, சத்தம் அறைவரை கேட்க வேண்டும் என்பதற்கு. இடித்த பூண்டைச் சிங்கில் கழுவி விட்டேன். பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, காலையில் ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அம்மா சாய்ந்து உட்கார்ந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நெற்றி வேர்த்தது. "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு. பரவால்ல, மொதத் தடவதானே" என்றார். கஞ்சியையும் குடித்து முடித்தார். அன்று இரவே ஈப்போவில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். "தம்பி ரசம் வச்சான்டி. இடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்" என்றார்.

அக்கா எல்லாருக்கும் சொன்னாள். வாட்ஸ்அப்பில் பெரியம்மா மகள்கள் பூங்கொத்துப் படம் போட்டார்கள். ரவாங்கிலிருந்து சித்தி கூப்பிட்டு, "ஒன்ன மாதிரிப் புள்ள கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டா" என்றார். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தி" என்றேன். அது உண்மைதான், ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை என்று சொல்வது சுலபம். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மழை பெய்த நாளெல்லாம் அம்மா எதிர்பார்த்தார், நான் வாங்கி வந்தேன், ஒரு பல் பூண்டை இடித்தேன். கடையில் பையன் என்னைக் கண்டதும் கேட்காமலேயே கட்டத் தொடங்கினான். "பாட்டிக்கு ஒடம்பு எப்படிண்ணே?" என்று அக்கறையாகக் கேட்டான். அவனுக்குத் தெரிந்த உண்மை என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கடை ரசத்தில் உப்பு அதிகமாகத்தான் இருக்கும். ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்ளும் கணக்கில் போடுகிற உப்பு அது, கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க இல்லை. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சராசரியாக 8 கிராமை நெருங்கிச் சாப்பிடுகிறோம். இதயம் பலவீனமானவர்களுக்கு அந்த உப்பு தண்ணீரை உடம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். காலில் இறங்கும், பிறகு மூச்சில் தெரியும். தாதியின் புருஷனுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

டிசம்பரில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. என் மனைவி கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். குழி அப்படியே நின்றது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டார். "பாட்டி, உப்பு ஐட்டம் ஏதாச்சும் சாப்புடுறீங்களா? ஊறுகாய், கருவாடு?"

அம்மா, "எப்பவாச்சும் ஒரு துண்டு எலுமிச்சங்கா ஊறுகா. நாக்கு கேக்குதுல்ல" என்றார்.

டாக்டர் தலையாட்டினார். என் மனைவி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். குற்றவாளி அகப்பட்டாயிற்று. நான் சக்கர நாற்காலிக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். தமிழில் சொன்னாலே அந்த டாக்டருக்குப் புரியும். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னிடம் தனியாகக் கேட்டாள். "நீங்க வைக்கிற ரசத்துல எவ்வளவு உப்புப் போடுறீங்க?" கால் கரண்டிதான் என்றேன். வெளிச்சாப்பாடு ஏதும் வாங்கிக் கொடுக்கிறேனா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். அவள் நம்பினாள். இருபது வருடத்துக்கு மேல் நோயாளிகளிடம் பொய் கேட்டுப் பழகியவள், என்னை நம்பினாள்.

வார இறுதியில் அக்கா ஈப்போவிலிருந்து வந்தாள். அவளும் என் மனைவியும் சேர்ந்து அம்மாவின் அறையைச் சோதித்தார்கள். அலமாரியில் தீபாவளி முறுக்கு டின் இருந்தது. சாமி மேடைக்குப் பக்கத்தில் ஹோர்லிக்ஸ் போத்தலில் ஊறுகாய், பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தது, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அந்தப் போத்தலிலிருந்து கால் வீங்குகிற அளவுக்கு யாரும் தின்றிருக்க முடியாது. ஆனால் ஆள் கிடைத்த பிறகு கணக்கை யார் பார்க்கிறார்கள்? "சின்னப் புள்ள மாதிரி ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்களேம்மா" என்று அக்கா சத்தம் போட்டாள்.

"நான் எங்கடி ஒளிச்சேன்? எல்லார் கண்ணுக்கும் தெரியத்தானே வச்சிருந்தேன்" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே தொட மாட்டேன், சரியா?" என்றார். எழுபத்தைந்து வயதுக்காரர், செய்யாத தப்புக்கு மகளிடம் வாக்குக் கொடுத்தார். அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டவன் நான். அக்கா என் கையில் கொடுத்தாள், போட்டேன்.

அதோடு ரசத்தை நிறுத்தினேனா? இல்லை. கடை ரசத்தில் பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்தேன். அந்த வெந்நீர்தான் எனக்கு எதிரான சாட்சி. எது தப்பு என்று தெரியாதவன் எதற்கு வெந்நீர் கலக்கப் போகிறான்? அம்மா, "இப்பல்லாம் ரசம் சப்புனு இருக்கே, மருமக சொன்னாளா?" என்று சிரித்தார். ஜனவரி கடைசியில் மழை விட்டது. நானும் விட்டேன். மாத்திரையைக் கூட்டியதில் வீக்கம் வடிந்தது. ஊறுகாயை நிறுத்தியதால்தான் வடிந்தது என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஊறுகாய் கண்ணில் காட்டப்படவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலையில் வைக்கவந்தவரை அக்கா கையசைத்துத் தடுத்தாள். அம்மா பேசாமல் இருந்தார்.

அடுத்த வருடம் இதயம் நின்று அம்மா போய்விட்டார். கடை ரசம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, அந்த மழைக்காலத்துக்கும் சாவுக்கும் நடுவில் பல மாதங்கள் இருந்தன. அந்தப் பழியை நானே ஏற்றுக்கொண்டு மாரடித்தால் அது இன்னொரு நாடகமாகிவிடும். என் மீது உள்ள குற்றம் அதைவிடச் சின்னது, அதைவிடக் கேவலமானது.

பதினாறாம் நாள் காரியத்தில் பெரியப்பா மகன் எழுந்து நாலு வார்த்தை பேசினார். "இந்தக் காலத்துல எந்தப் புள்ள அம்மாவுக்குத் தன் கையால ரசம் வச்சு ஊட்டுறான்?" என்று கேட்டார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் நாக்கைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. "கடைசிவரைக்கும் ஊறுகாய விட முடியல பாவம்" என்று யாரோ செல்லமாகச் சொல்ல, எல்லாரும் லேசாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மழைக்காலத்தில் அக்கா மகள் செர்டாங்கிலிருந்து போன் செய்தாள். பல்கலைக்கழக விடுதியில் காய்ச்சல், மழை, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "மாமா, பாட்டிக்கு வச்சுக் குடுத்தீங்களே, அந்த ரசம் எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள். மிளகிலிருந்து கொத்தமல்லிவரை சொன்னேன். சொல்வதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே. முட்டைகூட அவிக்கத் தெரியாத பெண் அவள். பொதுச் சமையலறையில் நின்று வைத்துவிட்டு, "சூப்பரா வந்துச்சு மாமா" என்று படம் அனுப்பினாள். ஓரத்திலிருந்து நுரை நடுவில் சேர்ந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது.

அன்று இரவு நானும் வைத்தேன். இருபது நிமிடம் ஆனது. தாளிப்பு கொஞ்சம் கருகியது, புளி கூடிவிட்டது, மற்றபடி குடிக்கும்படிதான் இருந்தது. கஷ்டமான வேலையாக இருந்திருந்தால் எனக்கு ஏதாவது ஆறுதல் கிடைத்திருக்கும்.

அதை என் மனைவிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, "கிளினிக்குல நின்னீங்களே, அப்பவும் தெரியுமா?" தெரியும் என்றேன். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சில நாள் கழித்து, இதை எழுதலாம் என்று இருக்கிறேன் என்றபோது, "எழுதுங்க. உங்க ரசத்தப் பத்தி மட்டும் எழுதிட்டு விட்றாதீங்க. அத்தையோட ஊறுகா போத்தலையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். ஈப்போ அக்காவும், ரவாங் சித்தியும், பதினாறாம் நாள் மண்டபத்தில் இருந்த மற்ற சொந்தக்காரர்களும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள்தான். என்னைப் பாராட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, அம்மாவைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒளித்து வைத்து எதையும் தின்னவில்லை. அந்த உப்பை வாங்கி வந்தவன் நான்.